வலியும் வி.ஆர். கண்ணாடியும்: மருத்துவர் பதில்கள்

முற்றிய புற்றுநோயின் வலியைத் தணிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வி.ஆர். கண்ணாடியை, அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சிகளைப் பார்க்கும் கருவியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நோயாளிகளை முன்னிட்டு யார் பெயரையும் வெளியிடவில்லை.

என் அம்மாவுக்கு 58 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை என்று சொல்லி, மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வி.ஆர். கண்ணாடி போட்டால் வலியே தெரியாது, மார்ஃபினைக் குறைத்துவிடலாம் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி சொல்கிறான். வாங்கலாமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

உங்கள் தம்பியின் அக்கறை புரிகிறது. ஆனாலும் கேள்வியின் பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை நம்பி மார்ஃபினில் ஒரு வேளையைக்கூடக் குறைக்க வேண்டாம். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி இரவு பகல் பார்ப்பதில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் நிற்கும் என்பதால், வலி வந்து துடித்த பிறகு தராமல், வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துத் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வலியுறுத்தியது. வி.ஆர். கண்ணாடியை 10 நிமிடம் அணியலாம், மிஞ்சிப்போனால் அரைமணி நேரம் அணியலாம். அதைக் கழற்றிய பிறகும் முதுகெலும்பில் உள்ள நோய் அங்கேயேதான் இருக்கும்.

அப்படியானால் அதனால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. கண்களை முழுவதுமாக மூடிக்கொள்ளும் அந்தக் கருவிக்குள் இரண்டு கண்களுக்கும் தனித்தனியே படம் ஓடுவதால் காட்சிக்கு ஆழம் கிடைக்கிறது. தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சியும் சேர்ந்து திரும்புகிறது. கட்டில், மருந்து மேசை, அழுத முகங்கள் எதுவும் கண்ணில் படாது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த, வலி பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ இருப்பதாகச் சொன்ன 128 புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 10 நிமிடம் வி.ஆர். காட்சியும், மற்றவர்களுக்கு அதே 10 நிமிடம் டேப்லெட் திரையில் மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியும் தந்து பார்த்தார்கள். முதல் சாராருக்கு வலி சராசரியாக 1.4 புள்ளியும், இரண்டாம் சாராருக்கு 0.7 புள்ளியும் குறைந்தது. ஒரு நாள் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் 1.7க்கு 0.3 என்று இருந்தது. இந்த முடிவுகள் 2024இல் ‘கேன்சர்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன.

வலி இல்லாதவர்களுக்கு ஒன்றரைப் புள்ளி என்பது அற்பமாகத் தோன்றும். ஏழில் கிடப்பவருக்கு ஐந்தரை என்பது சாய்ந்து உட்கார்ந்து நாலு வாய் கஞ்சி குடிக்க முடிகிற வித்தியாசம். மறுநாள் வரை பலன் நீடித்தது என்பதை மட்டும் நான் சற்றுத் தயங்கியே ஏற்கிறேன். மாத்திரைச் சோதனையில் எது மருந்து, எது வெற்று மாத்திரை என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கலாம். முகத்தில் மாட்டியிருப்பது என்ன என்பதை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது. புதிய கருவி என்ற எதிர்பார்ப்பும் அந்தப் புள்ளிகளில் கலந்திருக்கக்கூடும்.

ஆகவே வாங்குவதற்கு முன்பு எங்கேனும் இரவல் பெற்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். முக்கியமாக, அம்மாவுக்கு அதில் விருப்பம் உண்டா என்று கேளுங்கள். இன்றைய கருவிகள் அரைக் கிலோ எடை இருக்கும். நோய் கழுத்தெலும்பைத் தொட்டிருந்தால் அந்தச் சுமையே ஆபத்து என்பதால், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் மாட்டக் கூடாது. போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் வலியை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துக்கு எத்தனை என்ற கணக்கு பிடிபடாத பெரியவர்களிடம் நான், “முழு வலி ஒரு ரூபாய் என்றால் இப்போது எத்தனை காசு?” என்று கேட்பது வழக்கம், தயங்காமல் பதில் வரும். நாலைந்து முறை பார்த்தும் காசு குறையவில்லையென்றால் அந்தக் கருவியை விட்டுவிடலாம்.

மார்ஃபினைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் பயத்தால் வருவது. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. தொடக்கத்தில் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாட்களில் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது என்பதால் அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தர வேண்டும். எலும்பு வலிக்கு ஒரே அமர்வில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு தருவது உலகெங்கும் நடைமுறையில் உள்ள முறை. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லாததால், அம்மாவுக்கு அது பொருந்துமா என்பதைக் கண்ணாடிக்கு முன்பாகக் கேளுங்கள் என்பதே என் யோசனை.

படம் காட்டினால் வலி குறைகிறது என்றால், அந்த வலியில் பாதி மனப்பிரமை என்றுதானே பொருள்? தவறாக எண்ண வேண்டாம், தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

தவறாக எண்ணவில்லை, ஐயா. பலர் மனத்தில் இருப்பதைத்தான் நீங்கள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதை நோயாளியின் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்; சொன்னால் அவர் அதன் பிறகு வலியை மறைக்கத் தொடங்கிவிடுவார், நமக்கு மருந்தின் அளவே தெரியாமல் போகும்.

உடம்பில் காயம் எங்கே இருந்தாலும் வலியாக அது உணரப்படுவது மூளையில்தான். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளைக் கவனித்துவந்தார். அவர்களுடைய விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப்போனதால் சுடுபாத்திரத்தைத் தொட்டதும் முள் தைத்ததும் தெரியாமல், ஆறாத புண்களால்தான் அழிகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். காயம் கண்ணெதிரே இருந்தும் செய்தி மூளைக்குப் போகாததால் அவர்களுக்கு வலி இல்லை. இதற்கு மறுதலையாக, வெட்டி எடுக்கப்பட்ட காலில் இன்னும் வலிக்கிறது என்று துடிப்பவர்களும் உண்டு. கால் இல்லை, வலி இருக்கிறது. இரண்டு பேரில் யாருடையதும் பிரமை அல்ல.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் ஆய்வாளர்கள் இருவர் இதற்கு விளக்கம் ஒன்றை முன்வைத்தார்கள். உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைக் கடந்தே மேலே போகிறது. தொடு உணர்ச்சியும், மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் அந்தக் கதவைத் திறக்கவோ சாத்தவோ செய்கின்றன என்பது அதன் சாரம். முட்டி இடித்துக்கொண்ட குழந்தையின் காலைத் தாய் தேய்த்துவிடுவதும், கூடவே காக்காயைக் காட்டிப் பேச்சுக்கொடுப்பதும் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தக் கதவைச் சாத்தும் காரியங்கள்தாம். கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்திருக்கிறது.

வி.ஆர். இந்த இடத்தில்தான் வருகிறது. கவனம் என்பது அளவுக்குட்பட்டது. கண்ணும் காதும் அதைப் பெரிதும் இழுத்துக்கொண்டால் வலிக்குக் கிடைக்கும் பங்கு குறையும். சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய உளவியலாளர்கள் 1990களின் பிற்பகுதியில் தீக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். புண்ணைச் சுத்தம் செய்யும்போது, பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பனிமனிதர்கள் மேல் பனிப்பந்து எறியும் விளையாட்டு ஒன்றை அவர்கள் காட்டினார்கள். நோயாளிகள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். வாய்ச் சொல் போதாது என்பவர்களுக்காக 2004இல் இன்னொன்றும் வெளிவந்தது: உடல்நலமுள்ள தன்னார்வலர்களின் காலில் தாங்கக்கூடிய சூடு வைத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, வலியோடு தொடர்புடைய ஐந்து பகுதிகளின் செயல்பாடு, வி.ஆர். ஓடும் நேரத்தில் குறைந்திருந்தது. பிரமை விலகியதால் வந்த மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது.

புற்றுநோயில் இன்னொரு பாடும் உண்டு. லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (இறுதிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை) தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், சாவை நெருங்கும் மனிதரின் வலியில் உடல் வேதனை, அச்சம், குடும்பக் கவலை, நம்பிக்கை பற்றிய கேள்விகள் எல்லாம் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கின்றன என்றார். மகளின் திருமணக் கடன் அடையவில்லை என்ற கவலையில் தூங்காத மனிதருக்கு, மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போவதால் மட்டும் வலி அடங்குவதில்லை. வி.ஆர். கண்ணாடியும் அந்தக் கடனை அடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்.

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்று. புண் வெளியே திறந்துவிட்டது. கட்டு மாற்றும்போது அலறுகிறார். அந்த நேரத்தில் மட்டும் இந்தக் கண்ணாடியைப் போடலாமா? அவருக்கு அடிக்கடி வாந்தியும் வருகிறது.
— ஒரு வாசகர், பேரணாம்பட்டு

கட்டு மாற்றும் நேரம் இந்தக் கருவிக்கு மிகவும் ஏற்ற நேரம். உங்கள் அப்பாவின் புண் இருக்கும் இடமோ அதற்குக் கொஞ்சமும் ஏற்காத இடம். கண்ணாடியின் பட்டை சரியாகக் கன்னத்தை ஒட்டியே இறுகும். பள்ளிகொண்டா பக்கம் ஒரு வீட்டில், இதே நிலையில் இருந்த பீடி சுற்றும் தொழிலாளி ஒருவருக்குப் பட்டையைக் கழற்றிவிட்டு, அவருடைய மகன் தலைமாட்டில் நின்று கருவியை இரு கைகளாலும் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொள்ள, செவிலியர் கீழ்த்தாடைப் பக்கமிருந்து பழைய துணியை நனைத்து நனைத்து எடுத்தார். கையில் பிடித்திருந்ததால் விளிம்பில் வெளிச்சம் கசிந்தது. முழு மாயமும் இல்லை. ஆனால் எப்போதும் மனைவியின் மணிக்கட்டை இறுகப் பற்றும் அவருடைய கை அன்று கட்டிலின் சட்டத்தில் சும்மா கிடந்தது. பாதியில், ஆங்கிலத்தில் பேசிய பின்னணிக் குரல் எரிச்சலூட்டுவதாகச் சைகை காட்டினார். ஒலியை நிறுத்திவிட்டு வேலையை முடித்தோம்.

வாந்தி அடங்கும்வரை உங்கள் அப்பாவுக்கு இது வேண்டாம். உடம்பு அசையாமலிருக்கக் கண் மட்டும் நகர்வதாகக் காட்டினால், பேருந்தில் மலைப்பாதை ஏறும்போது வருவதுபோன்ற குமட்டல் நலமாக இருப்பவருக்கே வரும். வலிப்பு வந்தவர்கள், நோய் மூளைக்குப் பரவியவர்கள், நேரம் இடம் புரியாத குழப்பத்தில் இருப்பவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் ஆகியோருக்கும் மருத்துவரின் சம்மதமின்றிப் போடக் கூடாது.

கருவி இல்லாமலே அலறலைக் குறைக்க வழி இருக்கிறது. மருத்துவர் அனுமதித்துள்ள கூடுதல் மார்ஃபின் வேளையைக் கட்டு மாற்றுவதற்கு அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு முன்பு தர வேண்டும். பழைய துணியை வெதுவெதுப்பான உப்புநீரில் நன்றாக ஊறவிட்ட பிறகே எடுக்க வேண்டும். வறண்ட துணியைப் பிய்ப்பதுதான் பாதி வேதனை. வாடை இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் முறையைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவி வாங்க வசதியில்லை. கையில் இருப்பது சாதாரண ஸ்மார்ட்போன். அதனால் பயன் உண்டா?
— ஒரு வாசகி, அணைக்கட்டு

உண்டு. மேலே சொன்ன வாஷிங்டன் ஆய்வில் வெறும் டேப்லெட் திரையைப் பார்த்தவர்களுக்கும் 0.7 புள்ளி குறைந்ததை மறந்துவிட வேண்டாம். பெரும்பாலோர் இந்த எண்ணைக் கவனிப்பதில்லை. நான் பார்க்கும் வீடுகளுக்கு இதுவே முக்கியமான எண். ஜன்னலைச் சாத்தி, அறையை இருட்டாக்கி, காதில் இயர்போன் வைத்து, நோயாளி விரும்பும் எதையாவது 10, 15 நிமிடம் காட்டுங்கள். அது கோயில் திருவிழாவோ பழைய நாடகமோ பேரனின் வீடியோவோ எதுவாகவும் இருக்கலாம். இடையில் அழைப்பு வராதபடி போனை ஏரோபிளேன் நிலையில் வைத்துவிடுங்கள். போனைச் செருகும் அட்டைப் பெட்டிக் கண்ணாடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் படம் கொஞ்சம் தாமதமாகத் திரும்புவதால் குமட்டல் கூடுதல்.

வசதியில்லை என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருவதும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் வைத்திருப்பதற்கான நடைமுறையும் எளிதாகியிருக்கிறது. மாத்திரை கிடைக்காமல் வலியோடு இருப்பவருக்கு வீடியோ காட்டிக்கொண்டிருப்பது சிகிச்சை ஆகாது.

தாத்தாவுக்கு ஈரல் புற்றுநோய். பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். போளூர் பக்கம். பயணம் செய்ய உடம்பு இடம் தராது. தோழியின் வி.ஆர். கருவியில் அந்தப் பகுதியைக் காட்டினேன். பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அப்பா என்னைத் திட்டுகிறார். நான் செய்தது தவறா?
— கல்லூரி மாணவி, இராணிப்பேட்டை

தவறில்லை, அம்மா. ஏறக்குறைய இதையே ஜப்பானில் மருத்துவர்கள் செய்துபார்த்து 2019இல் எழுதியிருக்கிறார்கள். வலி தணிப்புப் பிரிவில் இருந்த, நோய் முற்றிய 20 பேரை, கூகுள் எர்த்தின் வி.ஆர். வடிவத்தின் மூலம் அவர்கள் போக விரும்பிய இடங்களுக்கு அழைத்துச்சென்றார்கள். சிலர் தங்கள் பழைய வீடு, நினைவுள்ள ஊர் என்று கேட்டார்கள். சிலர் போகாத இடங்களைக் கேட்டார்கள். பார்த்து முடித்த பிறகு வலி, சோர்வு, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவை முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது என்பதால் அதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் உங்கள் தாத்தாவின் ஆசை விசித்திரமானது அல்ல என்பதற்கு அது போதும்.

அழுகையை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அழுத பிறகு என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். ஊர்க் கதைகளைப் பேசத் தொடங்கினாரா, இரவு தூங்கினாரா, மறுபடியும் கேட்டாரா? கேட்டிருந்தால் காட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் படுத்துவிட்டிருந்தால் அவராகக் கேட்கும்வரை விட்டுவிடுங்கள். அப்பாவுக்கு வந்தது கோபமாக இருக்காது. தகப்பனார் அழுவதைக் காணும் பலம் இல்லாமல் போயிருக்கும். அடுத்த முறை அவரையும் கட்டிலருகே உட்காரவைத்துக் காட்டுங்கள். தாத்தா அடையாளம் சொல்லும் கிணறும் களமும் யாருடையவை என்று உங்களைவிட அவருக்குத் தெரிந்திருக்கும்.

செய்முறையில் சில திருத்தங்கள். படுத்திருப்பவருக்குக் காட்சி கூரையில் போய் நிற்கும். மாட்டிய பிறகு காட்சியின் நடுவை மீட்டமைத்து அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவாருங்கள். ஊருக்கு மேலே பறந்துகொண்டே போக வேண்டாம், ஓரிடத்தில் நிறுத்திவைத்து அவரே தலையைத் திருப்பிப் பார்க்கட்டும். கூகுளில் அந்தத் தெரு இல்லையென்றால், ஊரில் இருக்கும் உறவினர் யாரையேனும் போனை ஒரு திண்ணைமேல் அசையாமல் வைத்து, சத்தத்தோடு ஐந்து நிமிடம் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடந்துகொண்டே எடுத்தால் ஆட்டத்தில் குமட்டும். அதைச் சாதாரணத் திரையில் காட்டினாலே போதும். போதும் என்று நினைக்கும்போது கையை உயர்த்தும்படி முன்னதாகச் சொல்லிவைத்து, உயர்த்திய உடனே கழற்றிவிடுங்கள். முகத்தில் படும் பகுதியை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினித் துணியால் துடைத்த பிறகே தோழியிடம் திருப்பிக்கொடுங்கள். வலி மாத்திரை தந்து முக்கால் மணி நேரமாவது ஆன பிறகு காட்டுவது நல்லது.